பேச வராத குழந்தையும் வலிப்பு மருந்தும்

வலிப்பு மருந்து சாப்பிடும் ஒரு பெரியவருக்குத் தலை சுற்றினாலோ, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தாலோ, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லிவிடுவார். டோஸ் குறையும், இல்லையென்றால் மருந்து மாறும். நன்றாகப் பேசும் குழந்தைகூட "இந்த மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருதும்மா" என்று சொல்லிவிடும். என் மகளால் அது முடியாது. அவளுக்கு மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி), கூடவே அறிவுத்திறன் குறைபாடு. பிறந்த சில நாட்களிலேயே வலிப்பும் வந்துவிட்டது. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. அதில் பெரும்பகுதி ஏதாவது ஒரு வலிப்பு மருந்தோடுதான் கழிந்திருக்கிறது.

இத்தனை வருடங்களில் டாக்டர்கள், தெரபிஸ்டுகள், ஆசிரியர்கள், உறவினர்கள் என்று பலரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இந்த மாதிரிக் குழந்தைங்க இப்படித்தான் இருப்பாங்க." நாள் முழுக்கத் தூங்கினால் அப்படித்தான். தூங்காமல் கத்தினாலும் அப்படித்தான். எச்சில் வழிந்தால், சாப்பிட மறுத்தால், தன் கையையே கடித்துக்கொண்டால், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில். சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னதும் கேள்வி நின்றுபோகிறது. மருந்தால் வந்த மாற்றம் குறைபாட்டின் கணக்கில் எழுதப்பட்டு, மருந்து அப்படியே தொடர்கிறது. குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வலிப்பு மருந்து கொடுப்பதில் இருக்கிற மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

இது எத்தனை வீடுகளின் பிரச்சினை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுவாக மக்களில் 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வலிப்பு நோய் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருப்பவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு. ரெட் சிண்ட்ரோம், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் போன்ற மரபணுக் கோளாறுகளில் இன்னும் அதிகம். அதாவது ஒரு சிறப்புப் பள்ளியின் எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும், அங்கே காலையில் வலிப்பு மருந்து குடித்துவிட்டு வந்த குழந்தைகள் பலர் இருப்பார்கள். ஆனால் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களை வைத்துத்தான் பக்கவிளைவுப் பட்டியலே பெரும்பாலும் உருவாகிறது.

இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. மூளையில் ஏற்கெனவே இருக்கும் பாதிப்பு ஒன்று. வலிப்பு இன்னொன்று, அதுவும் வளர்ச்சியைத் தடுக்கும். மூன்றாவது மருந்து. குழந்தை மந்தமாக இருந்தால் இந்த மூன்றில் எது காரணம்? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைப் பிரித்துக் காட்டிவிடாது. என்ன தேதியில் என்ன மாறியது என்று யாராவது கவனித்து எழுதி வைத்திருந்தால் மட்டுமே ஓரளவு பிரிக்க முடியும்.

என் மகளின் முதல் மருந்து பீனோபார்பிட்டோன். 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் இதன் வலிப்படக்கும் குணத்தைக் கண்டு சொன்னார். நூறு வருடத்தைத் தாண்டியும் பிறந்த குழந்தைகளின் வலிப்புக்கு இதுதான் முதல் தேர்வு. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்கு இதையும் லெவெடிராசிட்டாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 24 மணி நேரம் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் பீனோபார்பிட்டோன் பெற்றவர்களில் 80 சதவீதம், லெவெடிராசிட்டாம் பெற்றவர்களில் 28 சதவீதம். அந்த முதல் நாட்களில் அது என் மகளுக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். ஒரு கடினமான பிரசவத்தின் அதிர்ச்சியால் வந்த வலிப்பு அடங்கிவிட்டால், வலிப்பு நோய்க்கான தனி அறிகுறி இல்லாத குழந்தைக்கு, மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருந்தை நிறுத்திவிடலாம் என்று சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அவள் பிறந்த காலத்தில் அந்தப் பரிந்துரை வரவில்லை. எங்களுக்கு ஒரு பாட்டில் சிரப்பும் "தொடர்ந்து குடுங்க" என்ற வார்த்தையும்தான் கிடைத்தன. எதுவரை என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோதும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது. இதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டா என்று முதன்முதலில் கேட்டவர் வேறொரு ஊரில் நாங்கள் பார்த்த வேறொரு டாக்டர். அதற்குள் அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது.

பீனோபார்பிட்டோன் குழந்தைகளின் மூளையை எப்படித் தொடுகிறது என்பதற்கு 1990இல் வந்த ஓர் ஆய்வு பெயர்பெற்றது. காய்ச்சலோடு வலிப்பு வந்த சிறு குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான மருந்தும் இன்னொரு குழுவுக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அளந்தபோது மருந்துக் குழுவின் சராசரி ஐ.க்யூ. 8.4 புள்ளி குறைவாக இருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகும் 5.2 புள்ளி இடைவெளி மிச்சமிருந்தது. காய்ச்சல் வலிப்பு திரும்ப வருவதையோ அது பெரிதாகக் குறைக்கவும் இல்லை. கவனியுங்கள், இவர்கள் பெரும்பாலும் வேறு குறைபாடு இல்லாத குழந்தைகள். அவர்களிடம் எட்டுப் புள்ளி குறைந்ததை அளந்து பார்க்க முடிந்தது. ஏற்கெனவே வளர்ச்சி பின்தங்கிய குழந்தையிடம் இதே இழப்பு நடந்தால் அது எந்த அட்டவணையிலும் ஏறாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கூட, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வாய்ப்பு இருக்குமானால் பீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் இரண்டையும்விட கார்பமாசெபைன் அல்லது வால்புரோயேட்டைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. நடத்தை சார்ந்த பக்கவிளைவுகள் குறைவு என்பதுதான் காரணம். பீனோபார்பிட்டோன் பெரியவர்களைத் தூங்க வைக்கும். பல குழந்தைகளை நேர்மாறாக ஒரு இடத்தில் இருக்கவிடாமல் துள்ள வைக்கும். அந்தத் துள்ளல் எத்தனை குழந்தைகளின் ஃபைலில் "ஹைப்பர் ஆக்டிவ்" என்று பதிவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம் வால்புரோயேட், அதனோடு லெவெடிராசிட்டாம். இரண்டாவதைச் சேர்த்ததும் வலிப்பு நன்றாகக் குறைந்தது. எங்களுக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் சில வாரங்களில் அவளே வேறு குழந்தை ஆனாள். சத்தம் கேட்டாலே அலறல், உடை மாற்றப் போனால் அடி, இரவில் மணிக்கணக்கில் அழுகை. தெரபி மையத்தில் "வயசு ஏற ஏற இந்த மாதிரி வரும்" என்றார்கள். நடத்தைக்கென்று தனியாக ஒரு மருந்து சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. லெவெடிராசிட்டாம் எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் கொண்டுவரலாம் என்பது மருந்து பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சாகியிருக்கும் விஷயம். குழந்தைகளிடம், அதிலும் ஏற்கெனவே நடத்தைச் சிக்கல் உள்ளவர்களிடம், இது கூடுதலாகத் தெரியும். என் மனைவி அந்த மருந்து தொடங்கிய தேதியையும் முதல் அலறல் வந்த வாரத்தையும் குறித்து வைத்திருந்தாள். அதைக் காட்டியதும் நரம்பியல் மருத்துவர் வாதம் எதுவும் செய்யவில்லை. மெதுவாகக் குறைத்து, வேறொன்றுக்கு மாற்றினார். அலறல் குறைந்தது. நடத்தைக்கான அந்த இன்னொரு மருந்து தேவைப்படவே இல்லை.

லெவெடிராசிட்டாம் பல குழந்தைகளுக்கு எந்தத் தொந்தரவும் தராத நல்ல மருந்து, கல்லீரலைப் பெரிதாகத் தொடாது, மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது. ஒரு மருந்தை நல்லது, கெட்டது என்று பிரிப்பது என் நோக்கமில்லை. இந்தக் குழந்தைக்கு இந்த டோஸில் என்ன செய்கிறது என்பதை மட்டும்தான் கேட்கச் சொல்கிறேன்.

பேச வராத குழந்தையிடம் பக்கவிளைவு எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எந்த மருந்துத் தாளிலும் இருக்காது.

ஃபெனிடாயினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டோஸைச் சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு திடீரென்று எகிறலாம். அளவு கூடியதற்கு எளிதில் கண்ணில் படும் அடையாளம் நடை தள்ளாடுவது. சரி, நடக்கவே நடக்காத குழந்தையிடம் அந்தத் தள்ளாட்டம் எங்கே தெரியும்? கருவிழிகள் பக்கவாட்டில் துடிப்பது, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், வாந்தி, தலையை நிமிர்த்திப் பிடிக்க முடியாமல் போவது என்று வேறு இடங்களில்தான் தேட வேண்டும். இதே மருந்தில் ஈறு தடித்து வளரும். பல் தேய்க்கவே விடாத குழந்தைக்கு அது வலியாகி, வலி சாப்பாட்டு மறுப்பாகி, கடைசியில் "சாப்பாட்டுப் பிடிவாதம்" என்று பேர் வாங்கிவிடும்.

டோபிராமேட் சாப்பிடும் பெரியவர்கள் சிலர் "வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது" என்பார்கள். மொத்தமே பத்து வார்த்தை பேசும் ஒரு ஆட்டிசக் குழந்தை அதில் நான்கை விட்டுவிட்டால், நாம் மருந்தை நினைப்போமா? பேச்சு பின்னோக்கிப் போகிறது என்று பயந்து ஸ்பீச் தெரபியைக் கூட்டுவோம். டோபிராமேட்டும் சோனிசமைடும் வியர்வையையும் குறைக்கும். வெயிலில் உடம்பு சூடாவதைச் சொல்லத் தெரியாத குழந்தைக்குக் காரணமில்லாத காய்ச்சல் மாதிரி அது தெரியும்; காய்ச்சல் வலிப்பைத் தூண்டும்; வலிப்பு வந்தால் டோஸ் கூடும். இந்தச் சுழற்சியை யாராவது ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

குளோபசாம், குளோனசெபாம் வகை மருந்துகள் எச்சிலையும் சளியையும் கூட்டும், தொண்டைத் தசையையும் தளர்த்தும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு எச்சில் வழிவது இயல்புதான், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த எச்சில் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. என் மகளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளி விடவே இல்லை. டோஸ் மாற்றத் தேதிகளோடு ஒப்பிட்ட பிறகுதான் எங்கள் குழந்தை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் இதைப் பற்றி முதல்முறையாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எலும்பும் இப்படித்தான். பீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின், கார்பமாசெபைன் மூன்றும் உடம்பில் வைட்டமின் டி சீக்கிரம் அழியக் காரணமாகும். காலூன்றி நிற்காத குழந்தைக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். தூக்கி உட்காரவைக்கும்போதுகூட முறிவு ஏற்படலாம். அந்தக் குழந்தை இரண்டு நாள் விடாமல் அழுதால் அதை நடத்தை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கால்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே கேட்க வேண்டும். வைட்டமின் டி அளவைப் பார்ப்பது சாதாரண இரத்தப் பரிசோதனைதான். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் விட்டுப்போகிறது.

இவ்வளவு சொன்னதால் மருந்தே வேண்டாம் என்று யாராவது புரிந்துகொண்டால் எனக்கு அதைவிட வருத்தம் வேறில்லை. வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். கட்டுப்படாத பெரிய வலிப்புகள் உள்ளவர்களுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் அபாயமும் உண்டு. வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் வருடத்துக்கு 4,500 பேரில் ஒருவர் என்பது அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பீடு. அரிதுதான், ஆனால் நடக்கிறது.

சில வலிப்பு வகைகளில் மருந்து தாமதமாவதுதான் குறைபாட்டையே உண்டாக்குகிறது. 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய சொந்த மகனைப் பற்றியது. கைக்குழந்தை, தலையைத் திரும்பத் திரும்ப முன்னால் கவிழ்க்கிறது, முழங்காலைத் தொடும் அளவுக்கு உடம்பு மடிகிறது, ஒரு தடவை வந்தால் பத்து இருபது என்று அடுத்தடுத்து வருகிறது. இரத்தம் உறிஞ்ச அட்டை விட்டுப் பார்த்தார், பேதி மருந்து, ஈறைக் கீறுவது, அபின் என்று அந்தக் காலத்தில் இருந்த எல்லாவற்றையும் செய்தார். எதுவும் பலிக்கவில்லை. இந்த வயதுக் குழந்தைக்குரிய துறுதுறுப்பு இவனிடம் இல்லை என்றும் எழுதி, யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்டார். ஒரு தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய அந்த விவரிப்பு இன்றும் பொருந்துகிறது. அந்த நோய்க்கு இன்று வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பேர்.

ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இதற்குக் கேட்கும் என்பது தெரியவர 1958 ஆகிவிட்டது. இன்று அந்த ஊசி, ஸ்டீராய்டு மருந்து, விகாபாட்ரின் ஆகியவை இருக்கின்றன. வலிப்பு தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நாள் ஓடுகிறதோ அவ்வளவுக்கு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் வரிசையாகத் திடுக்கிடுவதை வயிற்று வலி என்றோ பயம் என்றோ விட்டுவிடுவது மிகச் சாதாரணம். போனில் வீடியோ எடுத்து அதே வாரம் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் மட்டும் "பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

விகாபாட்ரினுக்கும் ஒரு விலை உண்டு. பார்வையின் ஓரப் பகுதி நிரந்தரமாகச் சுருங்கலாம். பெரியவர்களுக்கு அதைச் சோதிப்பது எளிது: புள்ளி வெளிச்சம் தெரியும்போது பட்டனை அழுத்த வேண்டும். ஒரு வயதுக் குழந்தையிடமோ, வளர்ந்தும் பேசாத குழந்தையிடமோ அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. விழித்திரையின் மின் அலையைப் பதிவுசெய்து பார்க்கலாம், அதுவும் எல்லா இடத்திலும் கிடைக்காது. இப்படி இருந்தும், மூளை வளர்ச்சியே பணயமாக இருக்கும்போது பெரும்பாலான டாக்டர்கள் இந்த மருந்தைக் கொடுப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கொடுப்பேன். என்ன இழக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும், எவ்வளவு காலம் என்பதையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தே வலிப்பைக் கூட்டும் சந்தர்ப்பமும் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் டிராவே 1978இல் விவரித்த டிராவே சிண்ட்ரோமில், பெரும்பாலும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் கோளாறு இருக்கும்; அது தெரிந்தது 2001இல். அந்த மரபணு, நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில் ஒன்றை உருவாக்குகிறது. கார்பமாசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் எல்லாம் சோடியம் வாயில்களை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. ஏற்கெனவே பாதி செத்துக் கிடக்கும் வாயிலை மேலும் அடைத்தால் வலிப்பு மோசமாகும். ஒரு குழந்தைக்குப் புது மருந்து தொடங்கிய பிறகு வலிப்பு கூடினால், நோய் முற்றுகிறது என்று முடிவு கட்டும் முன் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். வளர்ச்சிக் குறைபாட்டோடு சிறு வயதிலேயே கடினமான வலிப்பு உள்ள குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை கேட்பது இதனால்தான் பயனுள்ளது. பெயர் கிடைப்பதைவிட, எந்த மருந்தைத் தொடக் கூடாது என்பது தெரிவது பெரிய லாபம்.

கருவில் இருந்தபோது தாய் சாப்பிட்ட மருந்தால் குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு வருமா என்று கேட்பார்கள். அது வேறு கேள்வி, சுருக்கமாகச் சொல்கிறேன். வால்புரோயேட் விஷயத்தில் பதில் தெளிவு: அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்தினருக்குப் பிறவிக் கோளாறும், 30 முதல் 40 சதவீதத்தினருக்கு வளர்ச்சிச் சிக்கல்களும் இருக்கலாம் என்பது பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட கணக்கு. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டாம் இரண்டும் இந்த விஷயத்தில் பெரிதும் பாதுகாப்பானவை. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரோடு பேசி மாற்ற வேண்டியது இது. கர்ப்பமான பிறகு பயந்துபோய்த் தானாக நிறுத்தக் கூடாது.

திரும்ப என் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று மருந்து கேட்காத குழந்தைகளின் வீட்டில் மருந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஒவ்வொரு அவசரச் சிகிச்சைக்கும் ஒன்று கூடும், எதுவும் குறையாது. ஸ்காட்லாந்தில் செய்த புகழ்பெற்ற ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவதில் கூடுதலாக 13 சதவீதம், மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்ததில் வெறும் 1 சதவீதம். அதனால்தான் சரியான இரண்டு மருந்துகள் பலிக்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கீட்டோஜெனிக் உணவுமுறை (கொழுப்பு மிகுந்து, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு), அறுவை சிகிச்சைக்கான பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும். குறைபாடுள்ள குழந்தைக்கு அதெல்லாம் எதற்கு என்ற எண்ணம் சில இடங்களில் நிலவுகிறது. அது அநியாயம். மற்றக் குழந்தைக்கு இருக்கும் அத்தனை வழியும் இவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

எந்த வலிப்பை நிறுத்த வேண்டும் என்பதும் பேச வேண்டிய விஷயம். தடாலென்று விழுந்து தலையில் அடிபட வைக்கும் வலிப்பும், இரவில் வரும் பெரிய வலிப்பும் எங்களுக்கு முக்கியம். காலையில் எழும்போது வரும் சில சின்னத் துடிப்புகள் அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அவற்றையும் துடைத்தெடுக்க இன்னொரு மருந்து சேர்த்து, அவள் சிரிப்பையும் விழிப்பையும் கொடுக்க நாங்கள் தயாரில்லை என்று டாக்டரிடம் சொன்னோம். அவர் ஒத்துக்கொண்டார். எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. சில வகைகளில் வெளியே எதுவும் தெரியாமல் தூக்கத்தில் நடக்கும் மின் கொந்தளிப்பே பேச்சைப் பறித்துவிடும். 1957இல் லாண்டோ, கிளெஃப்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விவரித்தது அப்படிப்பட்ட குழந்தைகளைத்தான். எனவே தூக்கத்தில் எடுத்த இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) பார்க்காமல் இப்படி முடிவெடுக்க வேண்டாம்.

நாங்கள் வீட்டில் செய்வது என்ன என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். மிக முக்கியமானது புது மருந்து தொடங்கும் முன் செய்வது. ஒரு வாரம் அவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்போது விழித்தாள், எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை தடவை சிரித்தாள், யாரைப் பார்த்துத் தலையைத் திருப்பினாள், எச்சில் எவ்வளவு என்று குறித்துவிடுவோம். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் சின்ன வீடியோ. மருந்து தொடங்கி ஒரு மாதம் கழித்து அதே விஷயங்களை அதே மாதிரி பதிவுசெய்வோம். முன்னால் எப்படி இருந்தாள் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் பின்னால் வந்த மாற்றத்தை யாருக்கும் காட்ட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு மருந்தை மாற்ற நாங்கள் சம்மதிப்பதில்லை, அவசரம் இருந்தால் ஒழிய. புது தெரபி, புதுப் பள்ளி எல்லாவற்றையும்கூட அந்த மாதத்தில் தள்ளிப்போடுவோம்.

சிரப் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். ஃபெனிடாயின், கார்பமாசெபைன் சஸ்பென்ஷன்களில் மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் தொடக்கத்தில் டோஸ் குறைவு, கடைசியில் அதிகம். மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரைகளை விழுங்கத் தெரியாத குழந்தைக்காகப் பொடித்தால், நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரே மூச்சில் போய்விடும். டியூப் வழியாக உணவு எடுக்கும் குழந்தைக்கு ஃபெனிடாயினை உணவோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஏறுவது குறையும். லாமோட்ரிஜினை வேகமாகக் கூட்டினாலோ, வால்புரோயேட்டோடு சேர்க்கும்போது டோஸைக் குறைக்காவிட்டாலோ ஆபத்தான தோல் அலர்ஜி வரலாம், தடிப்பு தெரிந்தால் அன்றே போக வேண்டும். வால்புரோயேட் சாப்பிடும் குழந்தை திடீரென்று வாந்தியோடு சோர்ந்து விழுந்தால், கல்லீரலையும் இரத்தத்தில் அம்மோனியா அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "வைரஸ் காய்ச்சலா இருக்கும்" என்று அனுப்பினாலும் கேளுங்கள்.

பள்ளிக்கும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: மருந்துகளின் பெயர், டோஸ், அவளுடைய வலிப்பு எப்படி இருக்கும், ஐந்து நிமிடம் தாண்டினால் எந்த மூக்கு ஸ்பிரே, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். அதில் கடைசி வரி என் மனைவி சேர்த்தது: "வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும், அற்பமாகத் தோன்றினாலும், எழுதி அனுப்பவும்." அவளுடைய டீச்சர் அதை அப்படியே பின்பற்றுகிறார். போன மாதம் அவர் அனுப்பிய ஒரு வரியால்தான், அவள் மதியத்தில் மட்டும் தலையைத் தொங்கப் போடுகிறாள் என்று தெரிந்தது. காலை டோஸ் அதிகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம்.

அடுத்த சந்திப்புக்கு நான்கு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். காலை டோஸில் ஒரு பகுதியை இரவுக்கு மாற்றலாமா? அவள் பருவமடையும் வயதை நெருங்குவதால் வால்புரோயேட்டுக்குப் பதிலாக வேறு மருந்து உண்டா? எடை கூடியிருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? குளோபசாமைக் குறைக்கத் தொடங்கினால் எத்தனை மாதம் எடுத்துக் குறைப்பது, நடுவில் வலிப்பு வந்தால் எந்தப் படிக்குத் திரும்புவது? டீச்சரின் குறிப்பையும் இரண்டு வீடியோவையும் கூடவே எடுத்துப் போகிறோம்.